நாலு திரையும் ஒரு நாற்காலியும்

அக்கா,

என் மகள் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள். வந்த அன்றே தன்னுடைய மேக் லேப்டாப்பை என் ஆபீஸ் மேசையில் விரித்து வைத்து, மூன்று விரலால் டச்பேடை ஒரு தள்ளு தள்ளினாள். திரை முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்தது. மெயில் போய்க் கணக்கு வந்தது. இன்னொரு தள்ளு தள்ளினாள். கணக்கு போய், யார் யாரோ முகம் காட்டிப் பேசிக்கொண்டிருக்கும் மீட்டிங் வந்தது. "பாத்தியாம்மா, ஒரே கம்ப்யூட்டர்ல எத்தன டெஸ்க்டாப்பு" என்றாள், என்னமோ இவளே கண்டுபிடித்த மாதிரி. நீ பிறப்பதற்கு முன்னாலேயே இதையெல்லாம் பார்த்தவள்டி நான் என்று வாய் சொல்லிவிட்டது. எங்கே பார்த்தாய், யாரோடு பார்த்தாய் என்று அவள் பிடித்துக்கொண்டாள். உங்கள் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. யாரோ கூப்பிடுவது போல எழுந்து வெளியே போய்விட்டேன்.

நீங்கள் கண்ணை மூடிச் சில மாதம்தான் ஆகிறது. உங்களைப் பற்றி இன்னும் யாரிடமும் சரியாகப் பேச வரவில்லை. அதனால் உங்களிடமே பேசுகிறேன்.

என் ஆபீஸ் உங்களுக்குத் தெரியும். வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிற இடம். அங்கே விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று, லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கின்றன. மகளின் மேக்கும் சேர்ந்ததும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டேன். வேலை கிடக்கிறது, இந்த வயதில் எனக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தேன். மகள் சொல்லும் டெஸ்க்டாப் எனக்கு மேசைதான்; லினக்ஸில் நான் கேட்காமலேயே கடைசியில் ஒரு காலி மேசை காத்திருக்கிறது. அதில் எதையாவது வைத்தால், அடுத்தாற்போல் இன்னொரு காலி மேசை முளைக்கிறது. மேக்கில் விரல் பட்டால் போதும், வழவழவென்று போகிறது. ஆனால் கடைசியாக எதில் வேலை செய்தோமோ அதை முன்னால் கொண்டுவந்து, மற்றதைத் தானாகவே பின்னால் தள்ளிவிடுகிறது. நான் வைத்த இடத்தில் நான் வைத்தது இல்லை. அதை நிறுத்த ஒரு செட்டிங் இருக்கிறதாம். கேட்காமல் எதற்கு மாற்றுகிறாய் என்று இயந்திரத்திடம் சண்டை போட்டேன், மகள் சிரிக்கிறாள். விண்டோஸ் கொஞ்சம் மந்தம்தான், இரண்டு கை விரலும் வேண்டும். ஆனால் ஒரு மேசையை மூடினால், அதில் திறந்திருந்ததெல்லாம் பக்கத்து மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மேசைதான் போகும், அதிலிருந்தது எதுவும் போகாது. எனக்கு விண்டோஸ்தான் பிடித்தது. ஏன் என்று மகளிடம் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் கல் கம்பெனியில் முதலில் இருந்தது டாஸில் ஓடும் கம்ப்யூட்டர் ஒன்று மட்டும்தானே. எண்பதுகளின் கடைசி. பாலிஷ் போட்ட கருங்கல்லை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. வெளியே எந்நேரமும் கல் அறுக்கும் சத்தம், வெள்ளைத் தூசி. அதற்குள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை, ஊரிலேயே ஏசி இருந்த ஒரு சில அறைகளில் ஒன்று. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். முதலாளியே வாசலில் நின்று, காலை உயர்த்தி, தள்ளாடித் தள்ளாடி ஷூவைக் கழற்றுவார். அந்த அறைக்கு எனக்கு முன்னாலிருந்தே சொந்தக்காரி நீங்கள். நான் பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது எனக்கு டைப்பிங் தெரியும், சேலத்தில் படித்த கோர்ஸின் சர்ட்டிபிகேட் இருந்தது. மற்றபடி ஒன்றும் தெரியாது. முதல் நாள் ஏசிக் குளிரில் பல் கிடுகிடுத்தது. நீங்கள் உங்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "குளுருதா புள்ள? நீயும் போட்டுக்க, யாரு வேணாங்கறது" என்றீர்கள். முதல் நாளே என்னைச் சிரிக்க வைத்துவிட்டீர்கள்.

டாஸில் ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது, எந்தக் கல் எந்த லாரியில் மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போனது என்று முதலாளி கேட்டால், பில்லை மூடி, வெளியே வந்து, கல் அனுப்பும் புரோகிராமைத் திறக்க வேண்டும். அதற்குள் அவர் மறுபடி பில்லைப் பற்றிக் கேட்பார். நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே மூடுவீர்கள், திறப்பீர்கள். பில் என் வேலை, அனுப்புவது உங்கள் வேலை. ஆனால் இருந்தது ஒரே பெட்டி. ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காரலாம். மீதி நேரம் பேப்பரைப் பிரிண்டரில் ஏற்றுவதும் கிழிப்பதும்.

அப்புறம்தான் டாஸுக்குப் பதிலாக ஜெனிக்ஸ் என்ற சிஸ்டம் போட்ட புது இயந்திரம் வந்தது. பெங்களூரிலிருந்து ஒரு என்ஜினீயர் வந்து மாட்டினார். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார், பாதி எனக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும். அவர் அதில் இரண்டு அதிசயம் சொன்னார். ஒன்று, ஆல்ட்டை அழுத்திக்கொண்டு மேல் வரிசையில் எஃப் ஒன்றைத் தட்டினால் ஒரு திரை, எஃப் இரண்டைத் தட்டினால் வேறொரு திரை. ஒவ்வொன்றும் புது ஆளிடம் கேட்பது போல, நீ யார், உன் பாஸ்வேர்டு என்ன என்று கேட்கும். ஒன்றில் பில் ஓடிக்கொண்டே இருக்க, இன்னொன்றில் கடிதம் அடிக்கலாம். எதையும் மூட வேண்டாம். இரண்டாவது, டெர்மினல் என்று ஒரு தனித் திரையும் கீபோர்டும் உண்டு. அதற்கு மூளை கிடையாது. ஒரு வயரால் பெரிய இயந்திரத்தோடு சேர்த்துவிட்டால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் அந்த ஒரே இயந்திரத்தில் வேலை செய்யலாம். டெர்மினலைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். வாங்குவதா வேண்டாமா என்று முதலாளி பார்த்துச் சொல்லட்டும் என்று ஒன்றைச் சோதனைக்கு வைத்துவிட்டுப் போனார்.

நான் திரைகளைப் பிடித்துக்கொண்டேன், நீங்கள் டெர்மினலைப் பிடித்துக்கொண்டீர்கள். எனக்கு ஆல்ட் எஃப் ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிக்கொண்டே இருப்பதில் தலைகால் புரியவில்லை. வீட்டில் சோறு பிசையும்போதுகூட விரல் தாளம் போட்டது. நீங்கள் உங்கள் டெர்மினலைத் துடைத்து, சுவரோரம் மேசை போட்டு, நாற்காலிக்கு வீட்டிலிருந்து குஷன் கொண்டுவந்து வைத்தீர்கள். நான் வந்து பெட்டியைப் பங்கு போட்டதிலிருந்து உங்களுக்கென்று ஒரு இடம் அந்த அறையில் இருந்ததில்லை. இப்போது இருந்தது. "உனக்கு நாலு தெர வேணும், எனக்கு ஒண்ணு போதும். ஆனா அது என்னுதா இருக்கணும்" என்றீர்கள். நான் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

விளையாட்டில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாததா? பஸ் ஸ்டாண்டு பக்கம் பூட்டு, குடை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் அத்தாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. உங்கள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அந்தச் சம்பளம் இருந்ததால்தான், மாப்பிள்ளை வருகிறது என்று யார் வந்து சொன்னாலும், பார்க்கலாம் பார்க்கலாம் என்று உங்களால் தள்ளிப்போட முடிந்தது. பெங்களூர் என்ஜினீயரிடம் ஜெனிக்ஸ் புத்தகம் கேட்டு வாங்கி, டிபன் சாப்பிடும்போதுகூடப் படித்துக்கொண்டிருந்தீர்கள். இதைப் பிடித்துக்கொண்டால் பெங்களூரில்கூட வேலை கிடைக்கும், அத்தாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று ஒரு நாள் என்னிடம் சொன்னீர்கள். என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள்.

முதலாளிக்குக் காட்டும் நாள் வந்தது. என்னென்ன காட்ட வேண்டும் என்று நீங்கள்தான் வரிசை போட்டீர்கள். நான் பெரிய இயந்திரத்தில் பில் போட வேண்டும், அதே நேரத்தில் நீங்கள் டெர்மினலில் கல் அனுப்பும் விவரத்தை ஏற்ற வேண்டும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிண்டரில் வர வேண்டும். அவ்வளவுதான். அப்படியே காட்டினோம். நன்றாகத்தான் நடந்தது. முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாக்ஸ் காலோடு நின்று பார்த்தார். தலையாட்டினார். கதவுப்பக்கம் திரும்பினார். திரும்பியவர் நின்று, இது வேறு என்ன செய்யும் என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தவள் நான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆல்ட் எஃப் ஒன்று, பில். ஆல்ட் எஃப் மூன்று, வெளிநாட்டுக் கடிதம். ஆல்ட் எஃப் நாலு, கூலிப் பட்டியல். அவர் "அட" என்றார். அந்த "அட" என் தலைக்கு ஏறிவிட்டது. நடுவில் விட்டிருந்த எஃப் இரண்டுக்குப் போனேன். நீ யார் என்று திரை கேட்டது. கல் அனுப்பும் புரோகிராம் உங்கள் பெயரில்தான் திறக்கும். நீங்கள் காய்ச்சலில் படுத்தால் ஆகும் என்று உங்கள் பாஸ்வேர்டை எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள். நான் உங்கள் பெயரை அடித்தேன் அக்கா. உங்கள் பாஸ்வேர்டை அடித்தேன். எனக்குப் பின்னால் எட்டடி தூரத்தில் நீங்கள் உயிரோடு உட்கார்ந்திருக்க, உங்கள் பெயரில் உள்ளே போய், உங்கள் வேலையைச் சட்டுச்சட்டென்று செய்து காட்டினேன். எப்படி அடிக்கிறாள் பார் என்று என் விரலை நானே மெச்சிக்கொண்டேன்.

முதலாளி சுவரோரம் இருந்த உங்கள் டெர்மினலைக் கை காட்டினார். "அப்ப அந்தப் பெட்டி எதுக்கும்மா?"

"தேவையே இல்லீங்க சார். நான் ஒருத்தியே எல்லாத்தையும் பாத்துக்குவேன்."

நான் இயந்திரத்தைப் பற்றித்தான் சொன்னேன். சத்தியமாக இயந்திரத்தைப் பற்றித்தான். அவர் ஆளைப் பற்றிக் கேட்டிருக்கிறார் என்பது அவர் ஷூ போட்டுக்கொண்டு போன பிறகும் எனக்கு உறைக்கவில்லை. நீங்கள் உங்கள் திரையை அணைத்துவிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போனீர்கள். எப்படி இருந்தது என்று வேறு கேட்டேன், பாவி. "நல்லா செஞ்ச" என்றீர்கள். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான், நான் என்ன சொன்னேன் என்பது மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. பாப்பாரப்பட்டியில் இறங்க மறந்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

மறுநாள் சரிசெய்துவிடலாம் என்றுதான் போனேன். முதலாளியின் அறைக்குப் போய், ஒருத்தியால் முடியாது சார், மாதக் கடைசியில் திணறிவிடும் என்று சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். சொல்லவும் சொன்னேன். நேற்று நீதானே முடியும் என்றாய் என்று அவர் சிரித்தார். கோபமாகச் சிரிக்கவில்லை, பாசமாகத்தான் சிரித்தார். உனக்குச் சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. சம்பளத்துக்கு ஆசைப்பட்டுத்தான் வாயை மூடிக்கொண்டேனா, பயந்துதான் மூடிக்கொண்டேனா என்று எனக்கு நானே எத்தனையோ முறை வழக்காடிப் பார்த்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு மாதிரி தீர்ப்பு வருகிறது.

அந்த மாதக் கடைசியோடு நீங்கள் நின்றுகொள்ளலாம் என்றார்கள். மிச்சமிருந்த நாளில் உங்கள் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அதையும் செய்தீர்கள். எந்த லாரிக்காரர் சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பார், எந்தக் குவாரிக் கல்லின் எண்ணைத் தப்பாக எழுதி அனுப்புவார்கள், துறைமுகத்திலிருந்து போன் வந்தால் எதை முதலில் கேட்க வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னீர்கள். சொல்லாமல் விட்டிருந்தால் நான் ஒரு வாரத்தில் திணறி, அவர்களே உங்களைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள். உங்களுக்கா அது தெரியாது? நான் அழ ஆரம்பித்தேன். நீங்கள் கீபோர்டைத் தள்ளி வைத்தீர்கள். "தள்ளி ஒக்காந்து அழுவு. இதுல தண்ணி பட்டா அதுக்கும் நம்மளத்தான் சொல்வாங்க."

அந்த வாரமே என்ஜினீயர் வந்து டெர்மினலைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். குஷனை நீங்கள் கையோடு கொண்டுபோய்விட்டீர்கள். டாஸ் பெட்டி குவாரி ஆபீசுக்குப் போனது. அறையில் நான் ஒருத்திதான். ஆல்ட் எஃப் இரண்டுக்குப் போகும்போதெல்லாம் உங்கள் பெயரைக் கேட்டது. பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று என்ஜினீயர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். நான் அங்கே இருந்தவரை ஒவ்வொரு நாளும் காலையில் உங்கள் பெயரை அடித்துத்தான் உள்ளே போனேன். அதை விசுவாசம் என்று அப்போது நினைத்தேன். இன்றைக்கு யோசித்தால் கூசுகிறது.

நீங்கள் என்னோடு பேசவில்லை. கடைத்தெருவில் ஒரு முறை எதிரே வந்தபோது வளையல் கடைக்குள் நுழைந்துவிட்டீர்கள். அப்புறம் கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டி வைத்திருப்பவரோடு உங்களுக்கு நிக்காஹ் என்று பத்திரிகை வந்தது. இனித் தள்ளிப்போடக் காரணம் இல்லை என்று உங்கள் அத்தா சொன்னாராம். நான் வருவேன் என்று நீங்கள் எதிர்பார்க்கவில்லை போல. பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். மருதாணிக் கையால் என் கையைப் பிடித்தீர்கள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டீர்கள்.

"நீ காட்டலன்னாலும் அந்த ஆளு எப்படியும் தெரிஞ்சுக்கிட்டிருப்பாரு புள்ள. அத வுடு. ஆனா என் பேர அடிக்கறப்ப ஒரு தடவ திரும்பி என்னப் பாத்திருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். உடனே, பிரியாணி சாப்பிட்டாயா, இல்லை சாப்பிடாமலே பஸ்ஸுக்கு ஓடப் பார்க்கிறாயா என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்புறம் நாம் சிநேகிதிகளாகத்தான் இருந்தோம். என் கல்யாணத்துக்குக் கூடை கூடையாக மாம்பழம் அனுப்பினீர்கள். இரண்டு குடும்பமும் ஒகேனக்கல் போனோம். பரிசலில் என் வீட்டுக்காரர் பயந்து உங்கள் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொள்ள, கரையேறி மீன் தின்னும்போதும் நீங்கள் விடாமல் அவரைக் கிண்டல் செய்தீர்கள். நான் சொந்தமாக ஆபீஸ் வைத்த அன்று வந்து, கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தீர்கள். ஓட்டிப் பாருங்கள் என்று நாற்காலியை நகர்த்தினேன். மண்டிக் கணக்கு கால்குலேட்டரிலேயே முடிந்துவிடுகிறது, எனக்கெதற்கு என்று எழுந்துவிட்டீர்கள். நீங்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

நீங்கள் போன செய்தி கேட்டு, துக்கம் விசாரிக்கக் கிருஷ்ணகிரி வந்தேன். உங்கள் மகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் டீ கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய கதை கேட்க ஆசைப்பட்டாள். அம்மா அந்தக் காலத்திலேயே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர் என்று அவளுக்கு ஏகப் பெருமை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரப் பெண்களிடமும் அதைச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவேதான் வேலைய வுட்டுட்டாங்களாம் ஆன்ட்டி. கண்ணு வலி தாங்கலன்னு. கம்பெனில எவ்வளவோ கெஞ்சினாங்களாம், நீங்ககூடப் போகாதீங்கன்னு அழுதீங்களாமே?"

உங்களுக்கு அந்த வேலையில் ஒரு நாள் கண் வலித்து நான் பார்த்ததில்லை அக்கா. கடைசிவரை கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்தவர் நீங்கள். இத்தனை வருஷமாகப் பெற்ற பெண்ணிடம் இந்தக் கதையைச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அதில் நான் அழுததைக்கூட எனக்குச் சாதகமாகத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். எனக்காகச் சொன்னீர்களா? இல்லை, வேண்டாம் என்று அனுப்பப்பட்டவள் என்று உங்கள் பிள்ளைகள் முன்னால் நிற்கப் பிடிக்காமல் உங்களுக்காகச் சொன்னீர்களா? உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் என் பாரம் இறங்கும். ஆனால் அந்தப் பெண் இத்தனை நாள் வைத்திருந்த அம்மா வேறாகிவிடுவாள்.

"ஆமாம்மா" என்றேன். "கண்ணு வலிதான். நாங்க எவ்வளவு சொல்லியும் அவங்க கேக்கல."

அவள் சந்தோஷமாக என் கையைத் தட்டிக் கொடுத்தாள். நான் டீயைக் குடித்து முடித்தேன். இனி இந்தப் பொய்யைச் சொல்ல உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். கேட்பவர்களுக்கெல்லாம் பிசகாமல் சொல்லிக்கொண்டிருப்பேன் அக்கா.